மானத்தை வாங்கும் சிறகு: கிரீன்வெல்ஸ் குளோரி கட்டும் முறை

வாத்திறகிலிருந்து பிரித்தெடுத்த, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு கீற்றுகள். இவற்றை ஒரு தூண்டில் முள்ளின் முதுகில் நேராக உட்கார வைக்க எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. ட்ரவுட் மீனை ஏமாற்ற முள்ளின்மேல் பூச்சிபோலக் கட்டும் இந்த ‘ஈ’யில் மற்ற வேலைகள் எல்லாம் ஒரே மாலையில் கைக்கு வந்துவிட்டன. ஆகவே இந்தக் குறிப்பில் சிறகைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில், ட்வீட் ஆற்றங்கரையில் உள்ள கெல்சோ. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலி. நவம்பர் வந்தால் இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பணி இல்லாத இரவுகளிலும் தூக்கம் வராது. அப்படி ஒரு குளிர்காலத்தில்தான் ஊர்ப் பொதுமண்டபத்தில் நடந்த ஈ கட்டும் வகுப்புக்குப் போனேன். கற்றுக்கொடுத்தவர் எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற தச்சர். பேச்சு குறைவு. நம் வேலை பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் பிளேடை எடுத்து நம் பக்கம் நகர்த்துவார். அறுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்று அதற்குப் பொருள்.

ட்ரவுட் என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாத மீன் என்று நினைக்க வேண்டாம். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்பவர் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். மலை ஓடைகளில் இன்றும் இருப்பது வானவில் ட்ரவுட். இங்கே ட்வீட்டில் இருப்பது பழுப்பு ட்ரவுட், இந்த மண்ணுக்கே உரியது. இரண்டும் நீரோடு வரும் பூச்சிகளைத் தின்னும். அந்தப் பூச்சியைப்போல நூலாலும் இறகாலும் ஒன்றைக் கட்டி நீரில் விடுவதுதான் ஈ போட்டுப் பிடிப்பது. நீர்மேல் மிதக்கும்படி கட்டினால் அது உலர் ஈ. நீருக்குள் அமிழும்படி கட்டினால் நனை ஈ. நாம் கட்டப் போவது நனை ஈ, அதிலும் பழைய பாணியில் சிறகு வைத்தது.

இதன் பெயர் கிரீன்வெல்ஸ் குளோரி. பிறந்த இடம் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஸ்ப்ரௌஸ்டன் கிராமம். 1854ஆம் ஆண்டு மே மாதம், டர்ஹம் நகரத்துப் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல் அங்கே ட்வீட்டில் மீன் பிடிக்க வந்தார். ட்ரவுட் நீர்மட்டத்தில் எதையோ மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தன. அவர் போட்ட எதையும் சீண்டவில்லை. தின்னப்படும் பூச்சியைப் பிடித்துக்கொண்டு நேராக ஜேம்ஸ் ரைட் என்ற உள்ளூர் ஈ கட்டுபவரிடம் போனார். ரைட் அதைப் பார்த்துக் கட்டித் தந்ததுதான் இது. கட்டியவர் ரைட், பெயர் கிடைத்தது கிரீன்வெல்லுக்கு. எனக்கு இதில் இன்றைக்கும் சிறு வருத்தம் உண்டு. ஆனால் பாதிரியாரும் லேசுப்பட்டவர் அல்லர். இங்கிலாந்தின் பழைய ஈமமேடுகளைத் தோண்டி ஆராய்ந்தவர், நார்ஃபோக் பகுதியில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் எனப்படும் பள்ளங்கள் புதிய கற்கால மனிதர்கள் தீக்கல் வெட்டிய சுரங்கங்கள் என்று கண்டறிந்தவர், 1918 வரை வாழ்ந்தவர். பூச்சியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசும் குணம் அவருக்கு எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது.

பொருள்கள் கொஞ்சம்தான். எண் 14 அளவில் நனை ஈக்கான தூண்டில் முள். எண் கூடக்கூட முள் சிறிதாகும், கடையில் குழம்ப வேண்டாம். மஞ்சள் பட்டு நூல், ‘பிரிம்ரோஸ்’ என்று எழுதியிருக்கும் வெளிர்மஞ்சள். செருப்புத் தைப்பவர்கள் நூலுக்குத் தேய்க்கும் கறுத்த மெழுகு. மிக மெல்லிய தங்கநிறக் கம்பி. பெட்டைக்கோழியின் கழுத்திறகு ஒன்று. சாம்பல்நிற வாத்துச் சிறகிறகு ஒரு ஜோடி. முள்ளைப் பிடித்துக்கொள்ளச் சிறிய வைஸ், கூரான கத்தரிக்கோல், ஊசி, இறகைக் கவ்வும் கிளிப், வார்னிஷ்.

ரைட் சிறகுக்குப் பயன்படுத்தியது பிளாக்பேர்ட் என்ற பறவையின் இறகை. இன்று அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காட்டுப்பறவை. அதன் வேலையை வாத்திறகு செய்துவிடும். ஜோடி என்றால் ஒன்று இடது சிறகிலிருந்தும் மற்றொன்று வலது சிறகிலிருந்தும் வந்திருக்க வேண்டும். நான் முதன்முதலில் ஒரு கடையில் ‘ஜோடி’ என்று வாங்கிவந்த இரண்டுமே இடது. இரண்டும் ஒரே காலுக்கான செருப்பு மாதிரி. என் கைதான் கோணல் என்று நினைத்து ஒரு வாரம் நொந்துகொண்டேன். வாங்கியதும் இரண்டையும் அருகருகே மேசைமேல் வைத்துப் பாருங்கள். வளைவு ஒன்றுக்கொன்று எதிராக, கும்பிடும் கைகளைப்போல இருக்க வேண்டும்.

கோழியிறகைப் பற்றியும் ஒரு சொல். இதற்கு வேண்டிய நிறத்துக்கு வேல்ஸ் மொழியில் ‘கோக் எ பாந்து’ என்று பெயர். செம்பழுப்பு இழைகள், நடுவே காம்பை ஒட்டிக் கறுப்பு, இழைகளின் நுனியிலும் கறுப்பு. சேவல் இறகு விறைப்பானது, ஈயை மிதக்க வைக்கும். நமக்கு வேண்டியது நீரில் நனைந்து துவண்டு அசைவது, எனவே பெட்டை.

முதலில் முள்ளின் முனையருகே எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பது எளிது, நம் விரலை விடுவிப்பதும் எளிது. பிறகு முள்ளை வளைவுப் பகுதியில் வைஸில் இறுக்குங்கள். முள்ளின் நேரான தண்டு தரைக்கு இணையாக, காது வலப்பக்கம் பார்க்க இருக்கட்டும். ஊசிக்கு இருப்பதுபோல இதற்கும் காதுதான்.

நூல் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். மெழுகை உள்ளங்கையில் கொஞ்சம் வைத்திருந்து இளக்கிக்கொண்டு, நூலை அதன்மேல் சட்டென்று இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். இரண்டு மூன்று முறை இழுத்ததும் மஞ்சள் நூல் பாசிபிடித்த கல்லின் நிறத்துக்கு மாறும். இந்த நிறத்தைத் தவறவிட வேண்டாம். மார்ச், ஏப்ரலில் ட்வீட்டில் வெளிவரும் ஆலிவ்நிறப் பூச்சியின் உடல் நிறம் இதுதான். மெழுகு போடாத மஞ்சளில் கட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் பார்க்க அழகாக இருக்கும்.

நூலைக் காதுக்கு இரண்டு மில்லிமீட்டர் பின்னால் தொடங்குங்கள். நீளநூல் உங்களிடமிருந்து விலகி, தண்டின்மேலாகப் போய், அடிவழியாகத் திரும்பி வர வேண்டும். நாலைந்து சுற்று நூலின்மேலேயே சுற்றினால் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியை இப்போதே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எல்லோரும் அதைத் தின்றுவிடுவோம். பிறகு சிறகுக்கும் தலைக்கும் இடமில்லாமல், காது அடைத்துப்போய், பிளேடு நம் பக்கம் நகர்ந்து வரும்.

கம்பியைத் தண்டின் அடியில் நீளவாக்கில் படுக்கவைத்து, அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வளைவு தொடங்கும் இடம்வரை போங்கள். கம்பியின் மீதி பின்னால் தொங்கட்டும். நூலை அதே நெருக்கத்தில் முன்னோக்கித் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்த ஈக்கு உடல் என்பது இந்த நூல்தான், வேறொன்றும் இல்லை. நடுவில் இன்னும் ஒரு நடை போய் வந்தால் பின்பக்கம் ஒல்லியாகவும் முன்பக்கம் லேசாகப் பருத்தும் வரும். குண்டாக்கிவிடாதீர்கள். ஆற்றில் பூச்சியைப் பிடித்துப் பாருங்கள், தீக்குச்சியைவிட ஒல்லியாக இருக்கும்.

இனிக் கம்பி. நூல் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில், இடைவெளி விட்டு நாலு அல்லது ஐந்து சுற்று. ஒரே திசையில் சுற்றினால் கம்பி நூல் வரிகளுக்கு இடையே புதைந்துவிடும். எதிர்த்திசையில் சுற்றினால் வரிகளைக் குறுக்கே கடந்து நூலைக் காவல் காக்கும். ட்ரவுட்டின் பற்கள் சிறியவை என்றாலும் பட்டு நூலைப் பிய்த்துவிடும். முன்னால் வந்ததும் நூலால் இரண்டு சுற்றுப் போட்டுப் பிடித்துவிட்டு, கம்பியை முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்துவிடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் அதன் கூர் அன்றோடு போயிற்று.

கோழியிறகின் அடியில் இருக்கும் பஞ்சை உரித்துவிட்டு, காம்பைத் தண்டில் கட்டுங்கள். இழையின் நீளம் காதிலிருந்து முள்முனைவரை எட்டினால் சரி. இறகின் நுனியைக் கிளிப்பால் கவ்வி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூன்றாவது சுற்றுக்குக் கை பரபரக்கும், வேண்டாம். நுனியைக் கட்டி வெட்டியபின், மேல்பக்கம் நிற்கும் இழைகளை விரலால் இரண்டு பக்கமும் கீழே நீவிவிட்டு, ஒரு சுற்று நூலால் அப்படியே நிறுத்துங்கள். இப்போது தாடி வைத்த உடல் ஒன்று உங்கள் முன்னால் இருக்கும். சிறகில்லாமல் இப்படியே நீரில் போட்டாலும் மீன் எடுக்கும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அவர்கள் புத்திசாலிகள்.

நாம் தொடர்வோம்.

சிறகு உட்காரும் இடத்தில் நூல் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். உடல் அங்கே திடீரென்று சரிந்து இறங்கினால், கீற்றின் அடிப்பகுதி அந்தச் சரிவில் அழுந்தி, சிறகு மேலே எகிறும். பள்ளம் இருந்தால் இரண்டு மூன்று சுற்றால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இப்போது இடது இறகை எடுத்து, இழைகள் நேராக இருக்கும் நடுப்பகுதியில் ஊசி முனையால் ஒரு பிளவு போடுங்கள். மூன்று மில்லிமீட்டர் தள்ளி இன்னொன்று. அந்தக் கீற்றைக் காம்பை ஒட்டி வெட்டுங்கள். வலது இறகில் அதே உயரத்தில், அதே அகலத்தில் இன்னொரு கீற்று. இழைகள் ஒன்றோடொன்று கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளால் கோத்துக்கொண்டிருப்பதால்தான் கீற்று ஒரே தாளைப்போல நிற்கிறது. எங்காவது பிளந்துவிட்டால் பதற வேண்டாம், விரலால் அடியிலிருந்து நுனிக்கு நீவினால் மீண்டும் கோத்துக்கொள்ளும். மூன்று முறை நீவியும் சேரவில்லையா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். ஒரு ஜோடி இறகில் பல ஈக்களுக்கான கீற்று இருக்கிறது.

இரண்டு கீற்றுகளையும் குழிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, நுனிகளைச் சமமாக்குங்கள். பளபளப்பான பக்கம் வெளியே இருக்கும். இடதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே பிடித்து, நுனி முள்ளின் வளைவுவரை வருமாறு அளந்துகொண்டு, தண்டின் முதுகில் வையுங்கள். விரல்நுனிகள் தண்டையும் சேர்த்துக் கவ்வியிருக்க வேண்டும்.

இங்கேதான் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். கீற்றின்மேல் நூலைப் போட்டு இழுத்தவுடன் சிறகு அப்படியே சுருண்டு தண்டின் மறுபக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். மெதுவாக இழுத்துப் பார்த்தேன், வேகமாக இழுத்துப் பார்த்தேன். தச்சர் வந்து நின்றார். அன்று பிளேடை நகர்த்தவில்லை. “நீ நூலை இழுக்கிறாய். அதை உட்கார வை” என்றார். எனக்குப் புரியவில்லை.

புரிந்தது மூன்று வாரம் கழித்து, விடுமுறையில் நிலக்கோட்டைக்கு வந்தபோது. திண்ணையில் அம்மா கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து ஐந்து வயதில் கற்ற வேலை அது, முப்பது ஆண்டுகளாக நான் அந்தக் கையைக் கவனித்ததே இல்லை. பூக்களை விரலுக்கிடையில் வைக்கிறார். நாரைத் தளர்வாக ஒரு வளையமாக்கி விரல்களுக்கு நடுவே காம்புகளின்மேல் விழவிடுகிறார். வளையம் சரியான இடத்தில் விழுந்தபின்தான் இறுக்குகிறார். இறுகும்வரை விரல் பூவை விடுவதில்லை. “முதலிலேயே இறுக்கினால் காம்பு நறுங்கிப்போகும்” என்று சின்ன வயதில் என் தலையில் குட்டியிருக்கிறார். அந்தக் குட்டு ஸ்காட்லாந்தில் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

அதைத்தான் செய்ய வேண்டும். நூலைக் கட்டைவிரலுக்கும் அருகிலுள்ள கீற்றுக்கும் இடையே மேலே கொண்டுபோங்கள். கீற்றுகளுக்கு மேலே ஒரு சிறு வளையம் தளர்வாக நிற்கட்டும். மறுபக்கம், அந்தப் பக்கத்துக் கீற்றுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே நூலைக் கீழே இறக்குங்கள். இதுவரை நூலில் எந்த இழுவிசையும் இல்லை. இப்போது விரல்நுனிகளை இன்னும் சற்று இறுக்கிக்கொண்டு, நூலை நேர் கீழாக இழுங்கள். சாய்வாக அல்ல, உங்கள் பக்கமும் அல்ல, மேசையை நோக்கி. வளையம் இறங்கும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிய சீட்டுக்கட்டை மேலிருந்து அமுக்கியதுபோலப் படியும். விரலை எடுக்காதீர்கள். அதே மாதிரி இன்னும் இரண்டு வளையம், முதல் வளையம் விழுந்த அதே இடத்தில். அப்புறம் விரலைத் திறந்து பாருங்கள்.

முதலில் பின்னாலிருந்து பாருங்கள், பிறகு மேலிருந்து. நேராக இருந்தால் பிழைத்தீர்கள். மறுபக்கம் சாய்ந்திருந்தால் இழுத்த திசையில் கோளாறு. அடுத்த முறை கீற்றுகளைத் தொடக்கத்திலேயே அரை மில்லிமீட்டர் உங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டால், நூல் தள்ளும்போது நடுவுக்கு வந்து நிற்கும். நெடுக மடிப்பு விழுந்திருந்தால் விரல் பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். எதுவானாலும் விரலால் தள்ளியும் முறுக்கியும் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது நடக்காத காரியம். மூன்று சுற்றைப் பிரித்து, கீற்றை எடுத்து நீவி, மறுபடி வையுங்கள். ஒரே கீற்று இரண்டு முறை தாங்கும். மூன்றாவது முறை தாங்காது.

நேராக உட்கார்ந்த சிறகின் அடிப்பகுதி காதின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து ஒரே வெட்டில் வெட்டுங்கள். வெட்டும்போதும் சிறகை விரல் பிடித்திருக்கட்டும். வெட்டுவாயை நூலால் மூடிச் சிறிய தலையாக்குங்கள். கடைசியாக முடிச்சு: நூலின் நீளப்பகுதியைத் தலையோடு சேர்த்துப் படுக்கவைத்து, அதன்மேலேயே நாலு சுற்றுச் சுற்றி, நுனியை இழுத்து உள்ளே புதைத்து வெட்ட வேண்டும். தூண்டில் கம்பில் வளையம் கட்டுகிறவர்கள் போடும் அதே முடிச்சு. மெழுகிட்ட பட்டு என்பதால் தானாக அவிழாது.

இத்தனை பாடுபட்டு வைத்த சிறகு எத்தனை நேரம் அப்படியே இருக்கும் என்று கேட்டால், ஒரு மீன் வாயில் போய்வரும்வரை என்றுதான் சொல்வேன். இரண்டாவது மீனுக்குப் பிறகு கீற்று பிரிந்து பஞ்சாகிவிடும். அந்தப் பஞ்சான ஈயைத்தான் அடுத்த மீன் இன்னும் ஆசையாக எடுக்கிறது. இதை ஒருநாள் தச்சரிடம் சொன்னேன். நேர்த்தியான சிறகு மீனுக்காக அல்லவா என்று கேட்டேன். அவர் தன் ஈப்பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் நிமிர்ந்த சிறகுகள், மறுபக்கம் பிய்ந்தவை. பிய்ந்தவற்றைத்தான் அவர் முதலில் நூலில் கட்டுகிறார். நசுங்கி மடங்கியவையாக இருந்தால் இடுக்கியால் பிடித்து, கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சில நொடி காட்டுங்கள், மறுபடி நிமிர்ந்துவிடும். நான் இட்லி வேகும்போது பானை ஓரத்தில் காட்டுகிறேன்.

பயன்படுத்தும் காலம்: இங்கே பழுப்பு ட்ரவுட் பிடிக்க அனுமதி உள்ளது மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. உள்ளூர்ச் சங்கத்தில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பருவம் தொடங்கி முதல் ஆறு வாரம் இந்த ஈக்கு நல்ல காலம். ஆலிவ் பூச்சிகள் நண்பகலை ஒட்டித்தான் வெளிவரும் என்பதால் விடியலில் எழுந்து ஓட வேண்டியதில்லை, இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து போகலாம். ஆற்றுக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசி, நீரோட்டம் நூலை வளைத்து இழுத்துக்கொண்டு போக விடுங்கள். அந்த வளைவின் கடைசியில், ஈ நீர்மட்டத்துக்கு எழும்பும் நொடியில்தான் பெரும்பாலும் இழுக்கும்.

வார்னிஷை மறந்துவிட்டேன். ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்துத் தலைமேல் மட்டும் வையுங்கள், சிறகில் படக் கூடாது. அது காய்வதற்குள், வெட்டிப்போட்ட கோழியிறகின் காம்பு ஒன்றைக் காதுக்குள் நுழைத்து மறுபக்கம் உருவிவிடுங்கள். மார்ச் மாதக் காற்றில் விரல் மரத்துப்போய், முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டு, வார்னிஷ் அடைத்த காதில் ஊசியும் இல்லாமல் நூலைக் கோக்க நான் பட்ட அரைமணி நேரத்தில், எனக்கு முன்னால் நாலு ட்ரவுட் எழும்பித் தின்றுவிட்டுப் போயின.